வேனில், வசந்தம், கோடை: தமிழகப் பருவ விழாக்களின் சொல்வரலாறு

பங்குனித் திங்கள் பிறந்தது முதல் வைகாசி முடியும் வரையிலான காலம் தமிழ்நாட்டில் விழாக்கள் மிகுந்த காலம். திருவாரூரில் ஆழித்தேரோட்டம், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா, பழனியில் பங்குனி உத்திரம், மதுரையில் சித்திரைப் பெருவிழா, கூவாகத்தில் கூத்தாண்டவர் விழா, உதகையில் மலர்க் கண்காட்சி ஆகியன இக்காலத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்கின்றன. இக்காலத்தைக் குறிக்க இன்றைய தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. பாடநூல்கள் இளவேனில் என்கின்றன. கோயில் அழைப்பிதழ்கள் வசந்தம் என்கின்றன. பள்ளிகளும் நீதிமன்றங்களும் சுற்றுலாத் துறையும் கோடை என்கின்றன. 'கோடை விடுமுறை', 'கோடை விழா' ஆகிய தொடர்கள் எங்கும் கேட்கப்படுகின்றன. 'வசந்த விடுமுறை' என்றோ 'இளவேனில் விடுமுறை' என்றோ எவரும் கூறுவதில்லை. இம்மூன்று சொற்களும் ஒரே பொருளைத் தரும் வெவ்வேறு பெயர்கள் அல்ல என்பதையும், ஒவ்வொன்றும் விழாக் கொண்டாட்டத்தின் ஒவ்வொரு வரலாற்று நிலையைச் சுமந்து நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சொற்களின் பொருள்

வேனில் என்னும் சொல் வேதல், வெம்மை ஆகிய சொற்களோடு உறவுடையது. மலையாளத்தில் வேனல், தெலுங்கில் வேசவி, கன்னடத்தில் பேசிகெ என இதன் இனச்சொற்கள் வழங்குகின்றன. அவை அனைத்தும் வெப்பக் காலத்தையே குறிக்கின்றன. ஆகவே இளவேனில் என்பதன் நேர்ப்பொருள் 'வெம்மையின் இளம்பருவம்' என்பதாகும். பனி உருகி நிலம் விழித்தெழும் பருவம் என்னும் கருத்து இச்சொல்லில் இல்லை. தென்னாட்டில் அதற்கு இடமும் இல்லை. வசந்தம் என்னும் வடசொல்லின் நிலை வேறு. இலத்தீனத்தில் இப்பருவத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என ஒப்பியல் அறிஞர் கொள்வர். குளிர் நீங்கும் மகிழ்ச்சியை அறிந்த நிலப்பகுதிகளில் பிறந்த சொல் அது. 

கோடை என்னும் சொல் பழந்தமிழில் முதன்மையாக ஒரு காற்றின் பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்பதுபோல, மேற்கிலிருந்து வரும் வெங்காற்று கோடை எனப்பட்டது. காற்றின் பெயர் பின்னர்ப் பருவத்தின் பெயராயிற்று. இளவேனிலின் காற்று தென்றல் என்பது இலக்கிய வழக்கு. தென்றலுக்குரிய விழாக்கள் இன்று கோடையின் பெயரால் அறிவிக்கப்படுவது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

பட்டியலும் பருவமும்

ஆறு பெரும்பொழுதுகளுக்கும் திங்கள்களை வகுத்துக் காட்டும் பட்டியல் தமிழ் பயின்றார் அனைவரும் அறிந்தது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது அது. தொல்காப்பிய மூலத்தில் இத்திங்கட் பெயர்கள் இடம்பெறவில்லை. இவ்வகுப்பு உரையாசிரியர் வழி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இதனை மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இதே சித்திரை வைகாசியின் நடுவில்தான் பஞ்சாங்கம் அக்கினி நட்சத்திரத்தைக் குறிக்கிறது. மே மாதம் 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாள்வரை நீளும் இக்கத்திரி வெயிலைத் தமிழ்நாட்டில் இளவெம்மை என்று அழைப்பார் எவருமிலர். 

இம்முரணுக்கு வானியலில் ஒரு விளக்கம் உண்டு. தமிழ் ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. கதிரவன் மேடத்தின் தொடக்கத்தை அடையும் நாளே சித்திரை முதல் நாள். பருவங்களோ கதிரவன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் சமநாளைப் பொறுத்து மாறுகின்றன. விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ இருபது நிமிடம் நீளமானது. ஆதலால் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் திங்கள்கள் பருவத்தைவிட்டுப் பின்தள்ளிப் போகின்றன. கி.பி. முதற் சில நூற்றாண்டுகளில் சித்திரை முதல் நாளும் மார்ச்சுச் சமநாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நச்சினார்க்கினியர் வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டில் இவற்றின் இடைவெளி அரைத்திங்களை நெருங்கியிருந்தது. இன்று சித்திரை ஏப்ரல் 14-ஐ ஒட்டிப் பிறக்கிறது. இடைவெளி 24 நாள்.

பழந்தமிழர் திங்களைக் கதிரவனைக் கொண்டு கணித்தனரா, நிலவைக் கொண்டு கணித்தனரா என்னும் வினா இங்கு எழக்கூடும். விழாக்களைப் பொறுத்தவரை இவ்வினா முடிவைப் பெரிதும் மாற்றாது. பங்குனி உத்திரம் என்பது உத்திர விண்மீனை ஒட்டி நிலவு நிறையும் நாள். சித்திரை முழுநிலவு என்பது சித்திரை விண்மீனை ஒட்டி நிலவு நிறையும் நாள். நிறைநிலவின்போது கதிரவன் நிலவுக்கு நேரெதிரே நிற்கும். ஆகவே விண்மீனோடு பிணைக்கப்பட்ட விழா எக்கணிப்பில் அமைந்தாலும் பருவத்தினின்று விலகியே தீரும். 2025-இல் அழகர் வைகையில் இறங்கிய சித்திரை முழுநிலவு மே 12-ஆம் நாள், கத்திரி வெயிலின் இடையே வந்தது. 1800 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விழா நாள் பருவ நிலையில் ஏறத்தாழ 25 நாள் முற்பட்டு, மிகப் பிந்தினும் ஏப்ரல் நடுவைத் தாண்டாமல் அமைந்திருக்கும். 

மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இவ்விலகலைக் கருத்திற் கொண்டது. 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டியில் பால்குனமும் சைத்திரமும் வசந்தத்துக்கு உரியனவாக்கப்பட்டன. மரபில் சைத்திரமும் வைசாகமும் பெற்றிருந்த இடம் அது. கோயிற் பஞ்சாங்கங்கள் அதனைப் பின்பற்றவில்லை. தமிழ்ப் பாடநூல்களும் பின்பற்றவில்லை.

உறையூர்ப் பொழிலில் தீயற்ற அடுப்புகள்

பருவ விழா பற்றிய பழைய சான்றுகளுள் மிகத் தெளிவானது அகநானூற்றின் 137-ஆம் பாடலில் உள்ளது. சோழர் தலைநகராகிய உறையூரை அடுத்த பேரியாற்றங்கரையில், வெண்மணல் பரந்த குளிர்ந்த பொழிலில், பங்குனி விழா நிகழ்கிறது. புலவர் விழாவை வருணிக்கவில்லை. விழா முடிந்த மறுநாளைக் காட்டுகிறார். மக்கள் போய்விட்டனர், அடுப்புகள் தீயின்றிக் கிடக்கின்றன, அரங்கம் பாழ்பட்டுத் தோன்றுகிறது. பிரிவை எண்ணிய தலைவியின் ஒளியிழந்த நெற்றிக்கு அவ்வெறுமை உவமையாகிறது. 

அகப்பொருள் நோக்கில் இவ்வுவமையின் நயத்தைப் பலர் எடுத்துரைத்துள்ளனர். சமூக வரலாற்று நோக்கில் இதன் சான்று வேறொன்று. மக்கள் ஊரைவிட்டு ஆற்றங்கரைக்குச் சென்றனர். அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டனர். பின்னர் வீடு திரும்பினர். இன்றைய வழக்கில் கூறுவதாயின் அது ஓர் இன்பச் செலவு. அரங்கம் என்பதற்கு ஆற்றிடைக்குறை என்னும் பொருளும் உண்டு. இப்பாடலின் அரங்கத்தைத் திருவரங்கத் தீவோடு தொடர்புபடுத்துவோரும் உளர். விழாவைக் குறிக்கப் புலவர் ஆண்ட 'முயக்கம்' என்னும் சொல் தழுவுதல், கூடுதல் என்னும் பொருளது. கோயிலையோ தெய்வ உருவின் உலாவையோ பாடல் குறிப்பிடவில்லை. விழாவின் உள்ளீடு மக்கள் கூடுதலே. பங்குனி உத்திரம் உறையூருக்கு உரிய விழா என்பதை இறையனார் அகப்பொருள் உரையும் உறுதி செய்கிறது. மதுரைக்கு ஆவணி அவிட்டத்தையும் கருவூருக்கு உள்ளி விழாவையும் அது உடன் குறிப்பிடுகிறது.

இவ்விழாவும் பருவ நிலையில் இன்றைய பங்குனி உத்திரத்துக்கு 25 நாள் முற்பட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். இன்றைய கணக்கில் அது பெரும்பாலும் மாசியை ஒட்டிய பருவம். தண்பொழில் என்னும் சொல்லை வெறும் மரபுத் தொடராகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

கலித்தொகையின் பாலைக்கலியில் வைகையாற்று மணலும் பொழிலும் இவ்வாறே வேனில் விளையாட்டுக்கு இடமாகின்றன. அங்கு விழாவுக்குரியவன் காமவேள்; வில்லவன் என்னும் பெயராலும் அவன் சுட்டப்படுகிறான். ஐங்குறுநூற்றின் இளவேனிற்பத்து (341-350) பருவத்தின் அடையாளங்களைத் தொகுத்துத் தருகிறது. குயில் கூவுகிறது, குராவும் புன்கும் மலர்கின்றன, வேம்பின் பூ உதிர்கிறது. இவை பங்குனியிலேயே காணத்தக்கன என்பதற்கு நூற்சான்று தேட வேண்டுவதில்லை. ஊர்ப்புறத்து வேப்பமரத்தடி போதும்.

சிலப்பதிகாரத்தில் காட்சி விரிவடைகிறது. புகாரில் சித்திரை முழுநிலவில் தொடங்கிய இந்திர விழா 28 நாள் நீடித்தது. விழா முடிவில் கோவலனும் மாதவியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். கானல்வரியும் அதன் விளைவாகிய பிரிவும் இச்செலவில்தான் நிகழ்கின்றன. காப்பியத்தின் திருப்பம் ஒரு பருவகால உல்லாசப் பயணத்தில் அமைந்துள்ளது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அடுத்து வரும் காதையின் பெயர் வேனிற்காதை. அக்காதையில் மாதவியின் மடலைச் சுமந்து செல்லும் தோழியின் பெயர் வயந்தமாலை. பருவத்தின் தமிழ்ப்பெயர் காதைக்குத் தலைப்பாகவும், அதன் வடமொழிப் பெயர் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்து ஒரு கணிகை மகளிர் இல்லத்துப் பெயராகவும் ஒரே காதையில் நிற்கின்றன. வசந்தம் தமிழுக்குள் பருவப்பெயராக வேரூன்றும் முன்னரே மக்கட்பெயராக நுழைந்துவிட்டது என்று கொள்ள இது இடந்தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி எனப் பெயர் பெறுவது இம்மரபின் தொடர்ச்சியே.

காமன் எரிந்ததும் எரியாததும்

காமவேளின் விழா என்னவாயிற்று? சிலப்பதிகாரம் புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததைக் கூறுகிறது. அங்குச் சென்று தொழுமாறு தேவந்தி கூற, கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தை, மாசித் திங்கள்களில் கன்னியர் காமனை நோற்ற முறையைக் காட்டுகிறது. பின்னர்க் காமன் வழிபடப்படும் நிலையிலிருந்து எரிக்கப்படும் நிலைக்கு மாறுகிறான். தஞ்சைப் பகுதியில் மாசியில் நிகழும் காமன் பண்டிகையில் சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரிந்த கதை நடிக்கப்படும். மராத்தியர் ஆட்சியோடு தொடர்புடைய லாவணிப் பாட்டில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு அணியினர் இரவு முழுதும் வழக்காடுவர். திருவண்ணாமலையில் சித்திரை வசந்த உற்சவத்தின் முடிவில் மன்மத தகனம் நிகழ்கிறது. பருவ விழாவின் தலைவன் அவ்விழாவிலேயே எரிக்கப்படுகிறான். எனினும் 'எரியாத கட்சி'க்கு இன்றளவும் ஆள் கிடைத்தே வருகிறது.

மண்டபத்துள் புகுந்த வசந்தம்

பக்தி இயக்கத்தின் பின்னர் விழாவின் நடுவிடம் பொழிலினின்று கோயிலுக்கு மாறியது. திருஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் மாசிக் கடலாட்டையும் பங்குனி உத்திரத்தையும் கபாலீச்சரத்தின் விழாக்களாகக் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே இம்மாற்றம் தெளிவுபட்டுவிட்டது. அதற்குப்பின் வளர்ந்த வசந்த உற்சவத்தில் மக்கள் பொழிலுக்குச் செல்வதில்லை, இறைவன் செல்கிறான். நந்தவனத்தின் நடுவிலோ நீர்சூழ்ந்த மேடையிலோ எழுப்பப்பட்ட வசந்த மண்டபத்தில் அவன் இளைப்பாற, மக்கள் கண்டு தொழுகின்றனர். 

இதன் சிறந்த எடுத்துக்காட்டு மதுரை. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) மீனாட்சி கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே எழுப்பிய புதுமண்டபம் வைகாசி வசந்த விழாவுக்கென்றே கட்டப்பட்டது. நடுமேடையைச் சுற்றி நீர் நிறுத்த அகழி போன்ற அமைப்பு உண்டு. வெப்பம் தணிக்கும் கருவியாகவே இம்மண்டபம் திட்டமிடப்பட்டது. வசந்தம் என்னும் பெயர் நிலைத்திருக்க, அதன் பொருள் 'வெயிலினின்று தப்புதல்' என்றாகிவிட்டதை இக்கல்மண்டபம் காட்டுகிறது.

அதே மன்னர் செய்ததாகக் கூறப்படும் மற்றொரு மாற்றம் இன்னும் பெரியது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருமணத்தை அவர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அறுவடை முடிந்து உழவரும் வண்டிமாடுகளும் ஓய்ந்திருக்கும் காலம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. இச்செய்திக்கு மொழிச்சான்று ஒன்று நகரின் தெருக்களிலேயே உள்ளது. மதுரையில் கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் அவ்வத் திங்களில் நிகழும் வீதியுலாவின் பெயரால் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என அழைக்கப்படுகின்றன. சித்திரைத் தேரோ சித்திரைத் தெருவில் ஓடுவதில்லை. மாசி வீதிகளில் ஓடுகிறது. விழா திங்கள் மாறியது. தெருவின் பெயர் மாறவில்லை. அழகர் முன்னர்த் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்னும் செய்திக்கும் இத்தகைய எச்சம் உண்டு. இன்று அவர் வண்டியூர்ப் பகுதியில் எழுந்தருளும் மண்டபம் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. ஆவணங்கள் மௌனமாக இருக்கும் இடத்தில் இடப்பெயர்கள் பேசுவதற்கு இவற்றினும் சிறந்த சான்றுகள் அரிது.

வானியல் விலகல் 1800 ஆண்டில் 25 நாள். மன்னர் செய்ததாகக் கூறப்படும் மாற்றமோ ஒரே முறையில் இரண்டு திங்கள். பருவ விழா வெயிலுக்குள் நகர்ந்ததற்கு வானம் மட்டுமே பொறுப்பன்று.

எனினும் பழைய விழாவின் இயல்பு மதுரையில் முற்றும் மறையவில்லை. அழகரோடு மலையடி ஊர்களினின்று வரும் மக்கள், தோப்பரை எனப்படும் தோற்பையில் நீர் நிரப்பி அவர்மீது பீய்ச்சுகின்றனர், ஆற்றுமணலில் தங்குகின்றனர், சமைத்து உண்கின்றனர். அழகர்கோயிலுக்கும் சூழ்ந்துள்ள நாட்டுப்புற மக்களுக்கும் உள்ள பிணைப்பைத் தொ. பரமசிவனின் 'அழகர்கோயில்' (1989) விரிவாக ஆராய்ந்துள்ளது. சித்திரை முழுநிலவில் ஆற்றங்கரையில் நிலாச்சோறு உண்ணும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. உறையூர்ப் பொழிலின் அடுப்புகள் இங்குப் புகைந்துகொண்டிருந்தன எனலாம். நீர்தான் மாறிவிட்டது. அழகர் இறங்குவதற்கென இன்று வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது.

மலையேறிய கோடை

மூன்றாம் நிலையைச் சுருக்கமாகக் கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அலுவலர் வெயிலுக்கு அஞ்சி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். சென்னை அரசு கோடையில் உதகையிலிருந்து இயங்கியது. 1848-இல் அங்குத் தாவரவியல் பூங்கா தொடங்கப்பெற்றது. 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கிற்று. மலை இருப்புப்பாதை 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. ஆட்சியாளரின் பழக்கம் விடுதலைக்குப்பின் நடுத்தர மக்களின் விடுமுறை வழக்கமாயிற்று. ஏற்காடு, ஏலகிரி ஆகியவற்றுக்கும் அரசின் கோடை விழா பரவியது.

இம்மாற்றத்தைச் 'சுற்றுலா' என்னும் சொல் நன்கு காட்டுகிறது. உலா என்பது பழைய வழக்கில் இறைவனோ மன்னனோ வீதியில் வருவது. மக்கள் நின்று காண்பர். அப்பொருளிலேயே உலா என்னும் சிற்றிலக்கிய வகை அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் பிறந்த சுற்றுலாவில் உலா வருவோர் மக்கள். 1971-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பெயரில் அச்சொல் அரசு வழக்காக நிலைபெற்றது. பேச்சு வழக்கோ 'சீசன்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஏற்றுக்கொண்டு அதற்குப் புதுப்பொருள் தந்தது. ஊட்டி சீசன் ஏப்ரல், மே. குற்றாலம் சீசன் ஆனி, ஆடிச் சாரல் காலம். பருவம் என்னும் பொருள் தேய்ந்து, 'ஓர் இடத்தில் கூட்டம் கூடும் காலம்' என்பதே இச்சொல்லின் தமிழ்ப்பொருளாயிற்று. உறையூர்ப் புலவரின் 'முயக்கம்' குறித்ததும் ஏறக்குறைய இதனையே. கூட்டம் அளவிறந்து போனதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது.

பட்டியலைப் படிக்கும் முறை

இச்செய்திகள் ஆய்வறை அளவில் நிற்பன அல்ல. தமிழ்ப் புத்தாண்டு எது என்னும் வழக்கில் பருவப் பட்டியலும் சான்றாகக் காட்டப்படுகிறது. தை முதல் நாளே புத்தாண்டு என 2008-இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. 2011-இல் அது நீக்கப்பட்டுச் சித்திரை மீண்டது. இளவேனிலே ஆண்டின் தொடக்கம் என வாதிடுவோர் சித்திரையைச் சுட்டுவர். கார் முதலாகப் பெரும்பொழுதுகள் எண்ணப்படுவதைக் காட்டி ஆவணித் தொடக்கம் கொண்ட நச்சினார்க்கினியரை மறுதரப்பினர் எடுத்துக்காட்டுவர். இரு தரப்பினரும் பழைய திங்கட்பெயர்களை இன்றைய பஞ்சாங்கத்தின் நாள்களோடு ஒன்றாக வைத்தே எண்ணுகின்றனர். எத்தரப்பின் முடிவு ஏற்கத்தக்கது என்பது வேறு வினா. அவ்வாறு எண்ணுவது பிழை என்பதில் ஐயமில்லை.

வகுப்பறையில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. இளவேனிற்பத்தைப் பயிலும் மாணவன், 'இளவேனில்: சித்திரை, வைகாசி' என்னும் அருஞ்சொற்பொருளைக் கண்டு, குயிலும் தளிரும் கத்திரி வெயிலுக்கு உரியன என்று கருதுகிறான், அல்லது புலவர் கண்டறியாததைப் பாடினார் என்று முடிவு செய்கிறான். ஆண்டுதோறும் சித்திரை முதல் நாளில் அவன் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி செய்யப்படுகிறது. அப்பூ பங்குனியிலேயே உதிரத் தொடங்கிவிட்டதை அவன் கண்டிருக்கிறான். அருஞ்சொற்பொருளில் 'பருவ நிலையில் இன்றைய பங்குனி முதல் வாரம் முதல்' என ஒரு தொடரைச் சேர்ப்பது பதிப்பாசிரியர்களுக்குக் கடினமான செயல் அன்று.